நூல் சோதனை

எங்கள் பூங்காவுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இது நிஜ நெருப்பா?" என்பதுதான். எதிரே ஓக் விறகு எரிந்துகொண்டிருக்கும், கொக்கியில் இரும்புப் பானை தொங்கும், கேட்கிறவரே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார். ஆனாலும் கேட்பார். "தொட்டுத்தான் பாருங்களேன்" என்பேன், சிரிப்பார்கள். அடுத்த கேள்வி, இந்த ஆர்கன்சா மாநிலத்து வெயிலில் கம்பளிப் பாவாடை கட்டிக்கொண்டு வேகவில்லையா என்பது. வேகும்தான். ஆனால் கம்பளியில் பொறி பட்டால் சுருங்கி அணைந்துவிடும், தானாக எரியாது. எங்கள் அடுப்படியில் கம்பளி கட்டுவதற்குக் காரணம் அதுதான், அழகுக்காக யாரும் கட்டுவதில்லை.

என் பெயர் ஓபல் ட்ரெட்வே. ஹார்கெட் துறை மாநிலப் பூங்காவில், பழைய ஆற்றங்கரைக் குடியிருப்பின் சமையல் குடிசையில் இருபத்திரண்டு வருடம் அடுப்பு என்னுடையது. மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் முப்பது நாற்பது பேர் கூடி, ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தொன்பதில் இந்த ஊர் எப்படி இருந்ததோ அப்படியே இருந்து காட்டுவோம். ஒருவர் இரும்படிப்பார், ஒருவர் துப்பாக்கி சுட்டுக் காட்டுவார், நான் சமைப்பேன். சம்பளம் கிடையாது. சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

துணிமணி விஷயத்தில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். அது உண்மைதான். இயந்திரத் தையல் கண்ணில் பட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் காலத்தில் தையல் இயந்திரமே கிடையாது, ஐயா. ஒரு பெண் இயந்திரத்தில் தைத்த ரவிக்கையோடு வந்து அந்தக் காலத்தைக் காட்டுகிறேன் என்றால், அது பார்வையாளருக்குச் சொல்லும் பொய். பொய் எனக்குப் பிடிக்காது.

இந்த வருடம், ஆர்கன்சா தனிப் பிரதேசமான இருநூறாவது ஆண்டு விழா வந்தது. ஜூலை முதல் வாரம், இரண்டு நாள், தலைநகரிலிருந்து பெரிய மனிதர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாம் வருவதாக ஏற்பாடு. மார்ச் மாதக் கூட்டத்தில் பூங்காக் கண்காணிப்பாளர் ஹாலிஸ் மேப்ரி என்னை ஓரமாக அழைத்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்வார். அன்று தொப்பி கையில் இருந்தது.

"ஓபல், உங்க முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"எந்த முட்டி?"

"இல்ல, குனிஞ்சு நிமிர்றதுக்குச் சிரமப்படுறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. விழாவுக்கு கேசி லின் அடுப்பைப் பாத்துக்கட்டும். சின்னப் பொண்ணு, நல்லாப் பேசுறா, அவ வீடியோவை ஆயிரக்கணக்குல ஜனங்க பாக்குறாங்க. நீங்க பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து தையல் வேலை காட்டுங்க. ராணி மாதிரி."

ராணிகள் ஸ்டூலில் உட்கார மாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு வலித்தது. என் கணவர் இறந்த வாரத்தில்கூட நான் அந்த அடுப்பைப் பற்ற வைக்கத் தவறியதில்லை. ஆனால் வயிற்றெரிச்சலில் செய்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும்.

கேசி லின் ப்ரூயிட் ஊர் வங்கியில் கவுண்டரில் வேலை பார்த்தாள். முப்பத்தொரு வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஏப்ரலில் விழாவுக்கென்று ஒரு உடையை இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் போகிற உடை எதுவானாலும் நூல் சோதனை செய்ய வேண்டும். உடையிலிருந்து ஒரு நூலை உருவி மெழுகுவர்த்தியில் காட்டுவோம். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை நூல் என்றால் உருகிச் சொட்டும், ஆறியதும் கருப்பு மணி மாதிரி கெட்டியாகும். இந்தச் சோதனையைச் செய்வது எப்போதும் நான்தான்.

அவள் உடையின் நூல் உருகிச் சொட்டியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

"அடக் கடவுளே, நான் நடமாடுற மெழுகுவத்தியா? மிஸ் ஓபல், நீங்களே ஒண்ணு தைச்சுக் குடுத்துருங்களேன். உங்க கை பட்டா எனக்கும் கொஞ்சம் மரியாதை வரும்."

"கம்பளி வெயிட்டா இருக்கும். ஜூலை மாசம். தாங்குவியா?"

"கொஞ்சம் லேசாப் பாத்துத் தைங்களேன், ப்ளீஸ்!"

லேசாக வேண்டும் என்று கேட்டது அவள்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தலைநகர் லிட்டில் ராக்கில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். திட்டம் எதுவும் போட்டுக்கொண்டு போகவில்லை. அலமாரியில் பழுப்புக் கட்டம் போட்ட ஒரு துணி இருந்தது. தொட்டால் கம்பளி, பார்த்தாலும் கம்பளி, ஆனால் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். எனக்கு அது முகர்ந்தாலே தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பற்றினால் நிற்காமல் எரியும், உருகி ஒட்டிக்கொள்ளும். கடைக்காரப் பெண் எத்தனை கெஜம் என்று கேட்டாள், சொன்னேன். அதே நிறத்தில் உண்மையான கம்பளி கொஞ்சம் வாங்கிக்கொண்டேன், பாவாடையின் ஓரத்துக்கு உள்பட்டி வைத்துத் தைக்க.

ஆறு வாரம் தைத்தேன். அந்த உடையைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்றாலும் சொல்கிறேன், நான் தைத்ததிலேயே அதுதான் நல்ல உடை. இடுப்புச் சுருக்கங்களை நூல் பிடித்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கைக்குழியை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன், அவளுக்கு வலது தோள் சற்றே இறக்கம்.

ஒத்திகை நாளில் அவள் போட்டுக்கொண்டு வந்தபோது எல்லோரும் வாய் பிளந்தார்கள். மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஓரத்தைத் திருப்பி உள்பட்டியிலிருந்து நூலை உருவினேன். முடி கருகிய நாற்றம் வந்தது. சாம்பலை ஹாலிஸ் கையில் கொடுத்தேன், அவர் நசுக்கிப் பார்த்தார்.

"சுத்தக் கம்பளி. ஓபல் கைன்னா கேக்கணுமா" என்றார்.

"வேர்க்கவே இல்ல, மிஸ் ஓபல்!" என்று கேசி லின் என்னைக் கட்டிக்கொண்டாள். "என்ன மந்திரம் போட்டீங்க?"

நான் நினைத்தது என்னவென்றால், ஓரத்தில் எங்காவது ஒரு பொறி படும், கொஞ்சம் பற்றும், பயந்துபோய் அடுப்பை விட்டுவிடுவாள். அடுப்படியில் எல்லோருக்கும் நடப்பதுதான். இதைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஓரத்தில் மட்டும்தான் கம்பளி இருந்தது என்பதும், பொறி ஓரத்தில் பட்டால் அணைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். அவள் பேசும்போது கூட்டத்தைப் பார்த்துத் திரும்புவாள். அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்பாள், பின்பாவாடை தணல் மேல் ஆடும். அடுப்பைத் தெரிந்தவர்கள் அப்படி நிற்பதில்லை, பக்கவாட்டில்தான் நிற்போம். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் விழா. தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கேமராவை நிறுத்தினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். அதன் வளையம் இந்தக் காலத்துத் தகரம். இருநூறு வருடத்துக்கு முந்தைய காட்சியில் அது உறுத்தாதா? ஹாலிஸிடம் சொன்னேன், அவரே தூக்கிக்கொண்டு போய் வெளியில் வைத்தார். சுவரில் ஆணியடித்து ஒரு கம்பளிப் போர்வை தொங்கும், யார் மேலாவது பற்றிக்கொண்டால் சுற்றி அமுக்குவதற்கு. அதன் ஓரம் பிரிந்திருந்தது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன். எனக்குத் தையல் வேலை காட்டச் சொல்லித்தானே உத்தரவு.

கேசி லின் பீன்ஸும் உப்பிட்ட பன்றிக்கறியும் கொதிக்கும் பானையைக் கிளறிவிட்டு, சோள ரொட்டிச் சட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள், திரும்பி நின்று ஏதோ நகைச்சுவை சொன்னாள். கூட்டம் சிரித்தது. முழங்காலுக்குப் பின்புறம் பாவாடை பற்றியது. அவளுக்குச் சற்று நேரம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

பிறகு சரசரவென்று ஏறியது. முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "மிஸ் ஓபல்" என்றாள். கத்தவில்லை. உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரிதான் கூப்பிட்டாள். போர்வை என்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஊசி பாதித் தையலில் இருந்தது. அந்த வரிசையை முடித்தேன், முடிச்சுப் போட்டேன், நூலைப் பல்லால் கடித்தேன். அப்புறம் எழுந்து போர்வையால் அவளைச் சுற்றி அமுக்கித் தரையில் கிடத்தினேன். அதை ஒழுங்காகத்தான் செய்தேன், என் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப்போயின.

செய்தித்தாளில் என் படம் வந்தது. ஹாலிஸ் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். "நீங்க மட்டும் இல்லேன்னா அங்கயே போயிருப்பா" என்றார். இரண்டாம் நாளை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டார். அவ்வளவு பேர் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்களே என்றேன். கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நானே சமைத்தேன். அன்றைக்குப் பீன்ஸ் நன்றாக வந்திருந்தது, பானை காலி.

கேசி லின் மெம்ஃபிஸ் மருத்துவமனையில் அடுத்த வியாழக்கிழமை இறந்தாள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. சவ அடக்கத்துக்குப் போனேன், அழுதேன். அது நடிப்பில்லை.

ஊர் வழக்கப்படி அவள் அம்மா டோரீன் வீட்டுக்குக் கோழிக் குழம்பு செய்து எடுத்துக்கொண்டு போனேன். டோரீன் என்னைச் சமையலறை மேஜையருகே உட்கார வைத்து, கட்டுப் போட்ட என் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ வலியில கிடந்தாளா? உண்மையச் சொல்லுங்க."

"இல்லம்மா. உடனே நினைவு போயிருச்சு" என்றேன். அது பொய். எனக்குப் பொய் பிடிக்காது என்று முன்பே சொன்னேன், ஆனால் ஒரு தாயிடம் வேறென்ன சொல்வது?

அவள் உள்ளே போய், மருத்துவமனையில் கொடுத்த பையைக் கொண்டுவந்தாள். அதில் எரியாமல் மிஞ்சிய இடுப்புப் பகுதி ஒரு துண்டு இருந்தது.

"போலீஸ்காரங்க சொன்னாங்க, இது கம்பளியே இல்லயாம். நீங்க தைச்சுக் குடுத்ததை விட்டுட்டு, என் பொண்ணு அதே மாதிரி கட்டம் போட்ட எதையோ கடையில வாங்கி மாட்டிக்கிட்டுப் போயிருக்கா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், விதின்னா மதிக்க மாட்டா. அவ தப்புதான் போல. பாருங்க, மெஷின்ல ஓட்டுன குப்பை. இதுக்குப் போய் உயிர விட்டாளே."

அந்தத் துண்டை என் கையில் கொடுத்தாள். சுருக்கங்கள் அப்படியே நின்றன, நெருப்பு அவற்றைத் தொடவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்க முடியவில்லை. அதை என் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். அங்கிருந்து நேராக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு, உங்களிடம்தான் வருகிறேன்.

உங்கள் அறிக்கையிலும் "கடையில் வாங்கிய ஆயத்த உடை" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், செய்தித்தாளில் நான் படித்தேன். துண்டு இதோ இருக்கிறது. விளக்குக்குக் கீழே வைத்து, இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள். தையல் ஒன்றுக்கொன்று மயிரிழை முன்பின்னாக இருக்கும். இயந்திரத்தால் அப்படித் தைக்க முடியாது. அந்தத் துணியைத் தெரிந்தே வாங்கியதும் நான், நூலை எங்கிருந்து உருவ வேண்டும் என்று தெரிந்தே உருவியதும் நான், அவள் கூப்பிட்டபோது தையலை முடித்துவிட்டு எழுந்ததும் நான். இவற்றுக்கு நீங்கள் எந்தப் பெயர் வைத்து எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அது முழுக்க முழுக்கக் கையால் தைத்தது.