மறைத்து வைத்த கட்டம்

நான் அஞ்சாவது தாண்டாதவன் ஐயா. ஆனால் வரிசையில் யார் குறுக்கே புகுகிறான் என்று பார்க்கப் படிப்பு வேண்டாம். ரேஷன் கடையானாலும் பஸ் ஸ்டாண்டானாலும் என் கண் அங்கேதான் போகும்.

அதனால்தான் வடக்கனந்தலில் அந்த ஜீப் ஷெட்டில் என்னை உட்கார வைத்தார்கள். கல்வராயன் மலையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு ஜீப். மலையில் சில பாதைகளில் பெரிய ஆம்புலன்ஸ் ஏறாது. போனை எடுப்பது, ஊரையும் நோவையும் எழுதுவது, வண்டியை அனுப்புவது என் வேலை.

டயானா என் தம்பி மகள். வெப்சைட் கட்டுகிறவர்கள் எடுத்து அப்படியே மாட்டிக்கொள்ளும் அட்டவணை ஒன்றை அவள் செய்துகொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்க எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு போனுக்கு ஒரு வரி. நோவு பெரிசானால் வரி மேலே ஏறும். டிரைவர்கள் செல்போனில் மேலே இருப்பதைப் பார்த்துக் கிளம்புவார்கள்.

“பெரியப்பா, நான் செஞ்சதோட இது முடியாது. உங்களுக்கு இன்னா வேணுமோ, புதுசா ஒரு கட்டம் சேத்துக்கோங்க. எந்தக் கட்டத்த முன்னால இழுத்து வெக்கறீங்களோ அத வெச்சிதான் வரிசை மாறும். கண்ணுக்கு ஜாஸ்தியா தெரிஞ்சா மறைச்சிடுங்க.”

“நான் சேத்தா உன்னுது கெட்டுப் பூடாதா?”

“கெடாது. அதுக்குத்தான் மண்டைய ஒடைச்சிக்கினேன். உங்களாலயே கெடுக்க முடியலன்னா ஒலகத்துல யாராலயும் முடியாது.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. யார் செய்ததையும் நான் அப்படியே நம்புவதில்லை. ஒரு வாரம் நோண்டினேன். ஒன்று கண்டுபிடித்தேன். கட்டத்தை மறைத்த பிறகும் அது உள்ளேயிருந்து வரிசையைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் இருந்தது. எதனால் வரி மாறுகிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. செய்தவளுக்கே அது தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

மலையில் ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சல் என்றால் வண்டி லேட்டாக வரும் என்று நோவை ஒரு படி கூட்டிச் சொல்வார்கள். வாந்தியென்றால் மயக்கம் என்பார்கள். மயக்கமென்றால் பேச்சு மூச்சு இல்லை என்பார்கள். போன வருஷம் மாயவன் என்கிற மலைக்காரப் பையன் தன் அம்மாவுக்கு அப்படித்தான் கூப்பிட்டான். நானும் வண்டியில் ஏறிப் போனேன். அந்த அம்மா, ஜெயம்மாள், வீட்டு வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடா, மூச்சு இல்லன்ன?”

“எங்களுக்கு மூச்சு நின்னாத்தான தாத்தா உங்க ஜீப்புக்கு மூச்சு வருது?”

ஊரே சிரித்தது. எங்கள் டிரைவரும் சேர்ந்து சிரித்தான்.

இறங்கி வந்ததும் ‘சந்தேகம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். நம்பத்தக்கவனுக்குச் சைபர், அவன் மேலே. பொய்க்காரனுக்கு ஒன்பது, அவன் கீழே. கட்டத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் இழுத்து வைத்து, மறைத்தேன். இதில் அநியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறவன் பின்னால் நிற்கட்டும்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு மாயவன் கூப்பிட்டான். அவன் பெண்டாட்டி அம்சவள்ளிக்கு வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை என்றான். எழுதிக்கொண்டேன். ஒன்பது போட்டேன். அவள் வரி கடைசிக்கு இறங்கியது. ஒரு ஜீப் கை முறிந்த ஒருவருக்குப் போனது. இன்னொன்று காலில் கட்டி வந்தவருக்குப் போனது.

பதினொன்றரைக்கு ஒரு ஜீப் திரும்பிவிட்டது. வரிசையில் அவள் மட்டும்தான் பாக்கி. நான் ஒரு வரி சேர்த்தேன்: சங்கராபுரம் பக்கம், நெஞ்சுவலி. அப்படி யாரும் கூப்பிடவில்லை. அதற்குச் சைபர் போட்டேன். டிரைவர் ஓடினான். அடுத்த ஜீப் வந்தபோது இன்னொரு வரி சேர்த்தேன். அதைப் பொய் என்று சொல்லக் கூடாது ஐயா. முறை கெடாமல் இருக்கச் செய்தது.

பன்னிரண்டரைக்கு அவனுடைய நாலாவது போன்.

“தாத்தா... ஐயா, வண்டி எங்க வந்துக்கினு இருக்குதுங்க?”

“அன்னிக்கு இன்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?”

“பொய்தாங்க சொன்னேன். புத்தி இல்லாம சிரிச்சிட்டேன். உங்க கால்ல வுழறேன். அவளுக்குக் கண்ணு சொருவுதுங்க.”

பொய் சொன்னதாக அவன் வாயாலேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்பதை நான் எப்படிக் குறைப்பது?

பின்னால் அந்தப் பெண் முனகுவது கேட்டது. எத்தனையோ வருஷமாக இந்தப் போனைக் கேட்கிறவன் நான், நிஜ முனகலும் நடிப்பும் எனக்குப் பிரித்துத் தெரியும். அது நிஜம். போனை வைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டயானாவை இரண்டு நாளாக விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அட்டவணை தப்பு செய்து அம்சவள்ளியின் வரியைத் தள்ளிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அது தள்ளவில்லை. நான்தான் தள்ளினேன். நான் சொன்னதை அது அப்படியே செய்தது. இந்தப் பக்கத்தில் அப்படி நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

ஒன்றரைக்கு மாயவன் மறுபடியும் கூப்பிட்டான். குரலில் கெஞ்சல் இல்லை.

“இனிமே வண்டி வேணாங்க” என்றான்.

முதல் தடவையாக அவன் பேச்சை மறுகேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு, அந்த வரியை அழித்தேன்.