குடிலுக்குள் ஏழு சிப்பாய்கள்

வியாகுலம்: ...அதெல்லாம் சரிப்படாது ராயம்மா. கிறிஸ்மஸ் குடில்லருந்து அந்தச் சிப்பாய் பொம்மை ஏழையும் எடுத்துடு. கொழந்தை ஏசு பொறந்த எடத்துல துப்பாக்கி எதுக்கு?

ராயம்மாள்: இடையர் பொம்மை வாங்க வக்கில்லைங்க உபதேசியாரே. இருக்கறத வெச்சிருக்கறேன்.

வியாகுலம்: ஏரோது ராசாவோட சிப்பாயிங்கதான் கொழந்தைங்கள வெட்டுனாங்க. தெரியுமில்ல?

ராயம்மாள்: அவுங்க கையில வாளுன்னு நீங்கதான் கோயில்ல சொன்னீங்க. இவுங்க கையில துப்பாக்கியில்ல இருக்குது.

வியாகுலம்: உன்கிட்டப் பேசி... சரி, அந்த ஒண்ணு மண்டி போட்டுக் குறி பாக்குதே, அது யாரை?

ராயம்மாள்: வாசப்படியைங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

வியாகுலம்: கிண்டலா? பொழுது சாயறதுக்குள்ள சாமியார் வூடு வூடா தீர்த்தம் தெளிச்சுக் குடில் மந்திரிக்க வர்றாரு. கோயில்ல பழைய இடையர் பொம்மை நாலு கெடக்குது, குடுத்தனுப்பறேன். இதுங்களைப் பொட்டியில போட்டு மூடு.

ராயம்மாள்: குடுத்தனுப்புங்க, அதையும் வெக்கறேன். சிப்பாயிங்க எறங்க மாட்டாங்க.

வியாகுலம்: கதவையாவது ஒருக்களிச்சு வை. தெருவுல போறவங்க கண்ணுக்கெல்லாம் படுது.

ராயம்மாள்: படட்டும்னுதாங்க வாசலுக்கு நேரா வெச்சேன்.

வியாகுலம்: சாமியார் கேட்டா என்ன சொல்லுவ?

ராயம்மாள்: எம்பொண்ணு ராஜமேரிக்குத் தபால்ல வந்துதுன்னு சொல்லுவேன். மாசம் ஒண்ணா, ஏழு மாசம்.

வியாகுலம்: யாரு அனுப்புனதுன்னு கேட்டா?

ராயம்மாள்: பேரச் சொல்லுவேன்.

வியாகுலம்: என் மானத்தை வாங்கியே தீருவேன்னு இருக்கியா?

ராயம்மாள்: நான் இன்னும் பேரே சொல்லலைங்களே. அதுக்குள்ள உங்க மானம் எங்கிருந்து வந்துச்சு?

ராஜமேரி: அம்மா... விடும்மா. உள்ள வா. காப்பித்தண்ணி கொதிக்குது.

ராயம்மாள்: கொதிச்சா எறக்கி வை கண்ணு. நான் பேசிக்கறேன்.

வியாகுலம்: பட்டாளத்துல இருக்கறவன், ஏதோ வெளையாட்டுக்கு அனுப்பியிருப்பான். அதைப் போயி...

ராயம்மாள்: எழுதப் படிக்கத் தெரியாத புள்ளைங்க அவ. காயிதம் போட்டா இந்த ஊருல உங்ககிட்டதான் படிக்கக் கொண்டாரணும். அப்பன் கையிலயே போயிச் சேரும். அதனாலதான் உங்க மகன் அல்போன்ஸ் தம்பி பொம்மையா அனுப்புச்சு. பங்களாதேஷ் சண்டை வந்ததோட நின்னுபோச்சு. சண்டை முடிஞ்சு வருசம் ஒண்ணாச்சு.

வியாகுலம்: அவன் நல்லாத்தான் இருக்கான்.

ராயம்மாள்: இருக்கட்டுங்க. மனசு மாறிட்டாப்பலயா, அதை மட்டும் சொல்லுங்க. கடத்தூர்லருந்து பொண்ணு கேட்டாங்க, பாலக்கோட்டுலருந்து கேட்டாங்க. இவ அசைய மாட்டேங்கறா. கல்லு ஒடைக்கறப்ப புத்தி எங்கியோ, சுத்தியலக் கையிலயே போட்டுக்கறா.

வியாகுலம்: எனக்கென்ன தெரியும்?

ராயம்மாள்: போன மாசம் உங்களுக்கு மிலிட்டரி காயிதம் வந்துச்சுன்னு போஸ்ட்மேன் மாது சொன்னான்.

வியாகுலம்: மாதுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ராயம்மாள்: உங்க சட்டைப்பையும் மெல்லிசுங்க. உள்ள நீலமாத் தெரியுது. படிங்க.

வியாகுலம்: இது எங்க குடும்பத்துக் காயிதம்.

ராயம்மாள்: ஊரார் குடும்பத்துக் காயிதமெல்லாம் நீங்கதான் படிக்கறீங்க. நாங்க எப்பவாவது வேண்டாம்னமா?

வியாகுலம்: ...சரி, கேட்டுக்க. "அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு. நான் நலம். பூனாவில் இருக்கிறேன். இங்கே குளிர் அதிகம். ராஜமேரிக்கு நல்ல இடமாகப் பார்த்து முடிக்கச் சொல்லவும்." அவ்வளவுதான்.

ராயம்மாள்: அவ்வளவுதானுங்களா?

வியாகுலம்: அவ்வளவுதான்.

ராயம்மாள்: மூணு மடிப்பும் முட்ட முட்ட எழுதியிருக்குது. நீங்க படிச்சது ஒரு மடிப்புக்கே பத்தாதே.

வியாகுலம்: படிக்கத் தெரியாதவளுக்கு அளவு மட்டும் தெரியுதோ?

ராயம்மாள்: இருவது வருசமா ஜல்லி ஒடைச்சுப் பொட்டியில அளந்து போடறவங்க நான். மேஸ்திரி அரைப்பொட்டி கொறைச்சுச் சொன்னாலும் கண்ணுக்குத் தெரிஞ்சுபோவும். பரவாயில்லைங்க. சாமியார் வர்றாரில்ல, அவுருகிட்டக் குடுத்துப் படிச்சுக்கறோம்.

வியாகுலம்: ராயம்மா... அது வேண்டாம்.

ராயம்மாள்: அப்ப நீங்களே படிங்க. மேலருந்து.

வியாகுலம்: "அன்புள்ள அப்பாவுக்கு... ஊரில் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இனி மறைக்க வேண்டாம். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டைக்கால் மாட்டி நடக்கப் பழகிவிட்டேன். இதை ராஜமேரிக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். அவள்... அவள் சரி என்றால் தை மாதம் கல்யாணம். மாட்டேன் என்றால் அவள்மேல் எனக்குக் கோபமில்லை."

ராயம்மாள்: ...ராஜமேரி. கேட்டுச்சா?

ராஜமேரி: கேட்டுச்சு.

வியாகுலம்: அவசரப்படாதம்மா. காலு போனவன். ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஆம்பளை ஒழைப்பு வேணும். அதை நெனைச்சுத்தான் நான்...

ராயம்மாள்: எங்களை நெனைச்சா மறைச்சீங்க?

வியாகுலம்: ...பாதி. மீதி, கல்லு ஒடைக்கறவ எனக்கு மருமகளா வர வேண்டாம்னு.

ராயம்மாள்: இப்பத்தான் அளவு சரியா வருது. நீ சொல்லு கண்ணு.

ராஜமேரி: எனக்குக் கை ரெண்டு இருக்குதுங்க மாமா. காலும் ரெண்டு இருக்குது. போதும். சரின்னு இன்னைக்கே எழுதிப் போடுங்க.

வியாகுலம்: எழுத வேண்டியதில்லம்மா... மத்தியானம் அரூர் பஸ்ஸுல வந்து எறங்கிட்டான். நீ மாட்டேன்னு சொல்லிட்டதா அவன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப சாமியாரோட குடில் பாக்கக் கெளம்பிட்டான்... நீ எடுத்து வெச்சிருக்கற இந்தச் சிப்பாயிங்க அவன் கண்ணுல பட்டா என் பொய்யி நிக்காதுன்னுதான் முன்னால ஓடியாந்தேன்.