மழை வந்தால் வரும் போன்

காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அடுத்தவர் பேச்சு காதில் விழுகிறதே என்று எழுந்து போக எனக்கு மனமில்லை. எதிரே நீலச் சீருடையில் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. மீஞ்சூர் தாண்டியதும் அவர் சொன்னார்:

"ஊரெல்லாம் புகை விட்டது நான்தான்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க."

"இன்னாது? கம்பெனி புகைக்கு நீ எழுதிக் குடுப்பியா?"

"மெதுவா பேசு. புகைய வடிகட்டுற ஃபில்டர் சுவிட்சு என் கையில கீது. மழை வந்தா அத்த நிறுத்துன்னு ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணுவாங்க. மழையில புகை தெரியாது, கரண்டு மிச்சம். மூணு வருசமா பண்ணிக்கினு கீறேன். நேத்து மழை சட்டுனு நின்னுடுச்சு. திரும்பப் போடச் சொல்லி போன் வரல, நானும் போடல. எவனோ வீடியோ எடுத்துட்டான்."

"போன்ல சொன்னாங்கன்னு சொல்லு."

"எழுத்துல இல்லியே. கையெழுத்து போடலன்னா வேலை போயிடும்."

"புகை கூடாது, போகிக்குப் பாய் கொளுத்த மாட்டேன்னு உங்க கம்பெனிக்காரங்கதான் என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. இப்ப உன்கிட்டயா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் குரல் மாறிவிட்டது.

"மழை வந்தா எனக்கும் போன் பண்ணுவியே, ஜன்னல சாத்து, பாப்பாவ வெளிய உடாதன்னு. நீ மழைக்குத்தான் சொல்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பொன்னேரியில் வண்டி நின்று கிளம்பியது. அவள் அவர் பக்கம் குனிந்தாள்.

"பக்கத்து ஊட்டுப் புள்ளைங்களுக்கு யாருய்யா போன் பண்ணது?"