நாலரை மணி ரயிலுக்கு முன்னால்

"ஏறி ஒரு அடி அடிக்காமலே ஓடுது மாப்ள, அதான் மனசு தாங்கல."

சின்னாளப்பட்டியில் பேருந்தில் ஏறிய இருவர், திண்டுக்கல் வரும்வரை எனக்குப் பின் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்.

"ரேஸ்ல ஓடுன குதிரையா மாமா?"

"ஆமா. கால்ல அடிபட்டதும் கழிச்சு விட்டாக. நாந்தான் வாங்கியாந்து, நெழலா இருக்கேன்னு ரயில்வே கேட்டுப் பக்கத்துல கட்டினேன்."

"அதுல என்ன?"

"ரேஸ்லயும் மணியடிச்சுக் கேட்டத் தொறந்தாத்தான் ஓடுமாம். எனக்கெங்க தெரியும்? இங்க மணியடிச்சுக் கேட்டத் தூக்குறப்பல்லாம் கயித்த அத்துக்கிட்டு நொண்டிக்கிட்டே பாஞ்சிருக்கு. நேத்து விழுந்து அந்தக் காலு ஒடிஞ்சே போச்சு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"இனி எந்திரிக்காதாம். வலி தெரியாம முடிச்சு விட நாலு மணிக்கு ஊசி போட வாராரு."

பேருந்து செத்த நேரம் நின்று கிளம்பியது.

"நாலரைக்கு ஒரு ரயில் இருக்கு. அதுக்கு முன்னாடி போட்டுருங்க சார்னு சொல்லிருக்கேன். மணி கேட்டா, படுத்த வாக்குலயே ஓடுது மாப்ள."