விடுபட்ட ஐந்தாவது பெயர்

இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே அலுப்பாக இருக்கிறது. படிவம் நிரப்புவது ஒன்றுதான் அலுக்காத வேலை. எங்கள் வைரோவா ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதித் தருவது நான்தான். அதனால் என் தங்கை மேரே செத்தபோது அவள் மகன் ராவிரி என்னிடம் வந்ததில் அதிசயமில்லை.

அதற்கு முந்தின நாள்தான் போலீஸ் அவனுக்கு ஓர் உத்தரவு கொடுத்திருந்தது. அவன் கும்பலைச் சேர்ந்த ஐந்து பேரோடு ஏழு நாள் பொது இடத்தில் கூடக் கூடாது. எங்கள் மாவோரி வழக்கப்படி, மூன்று நாள் உடலைத் தனியே விடாமல் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்போம். அது பொது இடமில்லை, அங்கே தடையில்லை. இடுகாடோ பொது இடம். அவனோடு பெட்டியைத் தூக்க வேண்டியவர்களோ அந்த ஐவர்தான். போதாததற்கு அவன் பரோலில் வேறு இருந்தான்; உத்தரவை மீறினால் மறுபடி சிறைதான்.

"பெரியம்மா, உத்தரவ மாத்தச் சொல்லி எழுதிக் குடு. அம்மாவ நான் தூக்கலன்னா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"அழாதடா தடியா. பேரச் சொல்லு."

ஐந்து பெயரும் சொன்னான். நான்கை எழுதினேன். ஹேமியை விட்டுவிட்டேன். மறுநாளே போலீஸ் இணங்கி, அந்த நால்வருக்கும் தடையை நீக்கியது. பதில் என் கைபேசிக்குத்தான் வந்தது.

"என்ன சொல்றாங்க பெரியம்மா?"

"அஞ்சு பேருக்கும் சரின்னுட்டாங்க. போய் மூஞ்சியக் கழுவு."

எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து அழுத்திவிட்டுப் போனான். பெட்டியை யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பிரித்ததும் நான்தான். அவனுக்கு நேர் எதிரே ஹேமியை நிறுத்தினேன்.

இதைப் பழி என்று நினைப்பீர்கள். என் மகன் தூரோவாவைக் கும்பலில் சேர்த்தது ராவிரி. பத்தொன்பது வயதில் கத்திக்குத்துப் பட்டுச் செத்தான் என் பிள்ளை. எல்லாம் உண்மைதான். ஆனால் ராவிரி மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே இருந்தால் இவனும் அப்படித்தான் போவான். உள்ளே இருந்தால் மூன்று வேளை சாப்பாடு, நிம்மதியான தூக்கம். நான் யோசித்தது அவ்வளவுதான்.

இடுகாட்டு வாசலில் நின்ற போலீஸ்காரர் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். பெயர்ப் பட்டியலை அவர் எடுக்கவேயில்லை. நான்தான் பக்கத்தில் போனேன்.

"எதிர்ப்பக்கம் பிடிச்சிருக்கானே, அவன் பேரு ஹேமிங்க. உங்க லிஸ்ட்ல இருக்கானான்னு பாருங்க."

பட்டியலை எடுத்துப் பார்த்தார்; ஹேமி பெயர் இல்லை. பிறகு வேறு வழியில்லாமல் போய் இருவர் தோளையும் தொட்டார்.

குழிக்கு இன்னும் பத்தடி இருந்தது. ராவிரி திமிறவில்லை. "அவங்ககிட்ட சொல்லு பெரியம்மா, நாம எழுதிக் கேட்டோம்னு சொல்லு" என்று மட்டும் கூப்பிட்டான். ஹேமி விட்ட கைப்பிடியை யாரோ ஓடிவந்து வாங்கினார்கள். ராவிரி விட்டதை நான் பிடித்துக்கொண்டேன். மேரே நோயில் மிகவும் மெலிந்திருந்தாள். கனமே இல்லை.

ஹேமியை மாலையே விட்டுவிட்டார்கள். ராவிரிக்குப் பரோல் ரத்தானது. இரண்டு வருடம் ஆயிற்று. போலீஸ்தான் ஏதோ குளறுபடி செய்துவிட்டது என்று இன்னும் நம்புகிறான். விடுதலை கேட்டு இரண்டு விண்ணப்பம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் எதையாவது விட்டுவைத்தேன், இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவதை இந்த வாரம் எழுத வேண்டும். கை வலிக்கிறது, கண்ணும் சரியில்லை. இருந்தாலும் எழுதுவேன். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.