கமாண்டர் கெல்வரின் குரல்

அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டால் நல்லது, மேடம். பதிவில் அதன் இரைச்சல் விழும். இந்தப் புவேப்லா நகரத்தில் டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். சத்த விஷயத்தில் என் காது கொஞ்சம் கண்டிப்பானது.

நீங்களும் சின்ன வயதில் ‘ஒசைரா’ தொடர் பார்த்திருப்பீர்கள். விண்கப்பல், அதன் கமாண்டர் கெல்வர். எடுத்தது அமெரிக்காக்காரர்கள். ஆனால் நம் ஸ்பானிஷ் மொழியில் கெல்வருக்குக் குரல் கொடுத்தவர் மெக்சிகோ நகரத்து எவரார்தோ பனியாகுவா. அப்பா எங்களை விட்டுப் போன பிறகு நானும் தங்கை ரெமெதியோசும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். கப்பலே தீப்பிடித்தாலும் அதட்டாத குரல். "பயப்படாதீங்க பிள்ளைங்களா, நான் இருக்கேன்" என்று சொல்லும். விபத்தில் இடுப்பு முறிந்து ரெமெதியோஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதை நாடாவில் பதிந்து அவள் தலைமாட்டில் ஓடவிட்டேன்.

எங்கள் ரசிகர் மன்ற விழாவுக்கு அவரை அழைத்தது நான்தான். பேருந்து நிலையத்துக்கு நானே போனேன். தொப்பையும் கசங்கிய சட்டையுமாக ஒருவர் இறங்கி, கெல்வரின் குரலில், "தம்பி, சாப்பாடு எப்போ?" என்றார்.

வண்டியில் வரும்போது, கெல்வர் தன் கப்பலை இழக்கும் காட்சியைப் பற்றிக் கேட்டேன்.

"யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? காலைல அவனுக்குப் பேசுவேன், மத்தியானம் சோப்பு விளம்பரத்துக்குப் பேசுவேன். கெல்வர் சரியான மரக்கட்டை. வில்லனுக்குப் பேசுறதுலதான்யா மஜாவே."

நான் வண்டியின் வேகத்தைக்கூடக் கூட்டவில்லை.

மண்டபத்தில் ரெமெதியோஸ் சக்கர நாற்காலியில் மேடைக்கு அருகே போய், "கமாண்டர், என்னையும் கப்பல்ல ஏத்திக்குங்க" என்றாள். தொடரில் அகதிகள் அப்படித்தான் கேட்பார்கள். கெல்வர் சொல்லும் அந்த ‘நான் இருக்கேன்’ பதிலை மன்றத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர் ஒரு கோப்பை மெஸ்கால் சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, அதே குரலில், "உனக்குத்தான் சொந்த வண்டி இருக்கே, கண்ணு. என் டீசலை ஏன் வீணாக்கணும்?" என்றார்.

"போங்க தாத்தா, உங்க கப்பலைவிட என் வண்டியில பிரேக் நல்லாப் பிடிக்கும்" என்றாள் அவள்.

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரை.

விழா முடிந்து எங்கள் வீட்டில்தான் விருந்து. கோழி மோலே குழம்பு அவள் சமைத்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். அவர் அவளைக் ‘கேப்டன்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஒருமுறை அவள் என் பக்கம் திரும்பி, "மனுஷன் எவ்வளவு ஜாலியா இருக்காரு. நீ ஏண்ணே மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்றாள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். குழாய் அடைப்பு நீக்கும் திரவம் தொட்டிக்குக் கீழே இருக்கும். அதை மெஸ்காலில் கலந்தேன். அவர் ருசி பார்த்துக் குடிப்பவர் அல்ல என்று மண்டபத்திலேயே கவனித்திருந்தேன். "கமாண்டருக்காக" என்று சொல்லி நீட்டினேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அந்தக் குரல் கடைசியாகப் பேசியது என்னிடம்தான்.

ஆம்புலன்சை அழைத்ததும் நான்தான், மேடம். அதையும் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உயிர் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். ஆமாம், கோபம்தான். இப்போதும் தணியவில்லை. பூசைக் கிண்ணத்தில் ஒருவன் எச்சில் துப்பிக்கொண்டிருந்தால் நீங்கள் பிடுங்கமாட்டீர்களா? நான் பிடுங்கினேன். தொண்டை இனி தேறாது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பழைய பதிவுகளில் கெல்வர் பத்திரமாக இருக்கிறார். அவரை இனி யாரும் கேலிப்பொருளாக்க முடியாது.

ரெமெதியோஸ் என்னைப் பார்க்க வரவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாளாம். அவள் வெள்ளை மனசுக்காரி; அவன் தன்னை அவமானப்படுத்தியதுகூட அவளுக்குப் புரியவில்லை. எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன் என்று எழுதுங்கள். அவள் சிரித்ததை மட்டும் எழுத வேண்டாம்.