முகமூடி போட்டவனோடு பேசமாட்டேன்

மேக்கப்மேன்: பறக்கணுமா? அக்காவா?

டைரக்டர்: ரெண்டே சீன்தாண்ணே. மீதியெல்லாம் தரையிலதான்.

மேக்கப்மேன்: அக்கா, இங்க பாருங்க. ரெண்டு சீன்ல பறக்கணுமாம். மீதி தரையிலயாம்.

நடிகை: மாடிப்படி ஏறணும்னாலே முழங்காலைக் கேட்டுட்டுத்தான் ஏறுறேன். கயித்துல கட்டித் தொங்க விடப் போறீங்களா, தம்பி?

டைரக்டர்: அதுக்கு டூப் இருக்காங்கம்மா. உங்க முகம் போதும்.

மேக்கப்மேன்: டூப்பு இருக்காம். முகம் போதுமாம்.

டைரக்டர்: அண்ணே... நான் சொல்றதையே ஏன் திருப்பித் திருப்பிச் சொல்றீங்க?

மேக்கப்மேன்: சினிமாக்காரன் பேச்சை ஒரு தடவை கேட்டா நம்பிக்கை வரமாட்டேங்குது. அதான்.

நடிகை: அவன் கிடக்கான். நாப்பது வருஷமா பவுடர் அடிச்சு அடிச்சு, என் மூஞ்சியே அவனோடதுன்னு நினைச்சிட்டிருக்கான். நீங்க வெளிச்சத்துக்கு வந்து உக்காருங்க தம்பி, ஜன்னலைப் பார்த்து.

டைரக்டர்: வந்ததுமே இங்கதாம்மா உக்காந்தேன்.

நடிகை: அட, ஆமா. பேப்பர் போட்டோவுல மீசையும் தாடியுமா வாயே தெரியாம இருந்தீங்களே?

டைரக்டர்: எடுத்துட்டேம்மா.

மேக்கப்மேன்: முதல் படம் ஓடின தாடியா? ராசின்னு எண்ணெய் போட்டு வளர்ப்பானுங்களே!

டைரக்டர்: ...வெயில்ணே.

மேக்கப்மேன்: வெயிலாம்.

நடிகை: கதைக்கு வாங்க.

டைரக்டர்: முதல் பாகத்துல நம்ம ஹீரோ கரும்பருந்து பறந்து வந்து ஊரைக் காப்பாத்துறான். ரெண்டாம் பாகத்துலதான் தெரியுது... அவனுக்கு முன்னாடியே ஒருத்தங்க பறந்திருக்காங்க. அது நீங்க.

நடிகை: அம்மா வேஷம் இல்லையா?

டைரக்டர்: இல்ல.

நடிகை: சாகுறேனா?

டைரக்டர்: இல்லம்மா.

மேக்கப்மேன்: சாகலையாம்க்கா!

நடிகை: கொஞ்ச வருஷமா இடைவேளையைத் தாண்டி நான் உசிரோட இருந்ததே இல்ல, தம்பி. அப்புறம்?

டைரக்டர்: ஒரு சீன்... உங்க வீட்டுக்கு அவன் வர்றான். நீங்க ரெண்டு பேர் மட்டும். பூரா வசனம். ஒரே ஷாட்.

நடிகை: அந்த அலகு முகமூடி மாட்டிட்டா? வாயெல்லாம் மூடியிருக்குமே, அதுவா?

டைரக்டர்: அது வந்தும்மா... ஒரு நிமிஷம். புரொடியூசர் போன்.

மேக்கப்மேன்: வாசல்ல நின்னு பேசுங்க. அங்கதான் சிக்னல்.

நடிகை: போயிட்டானா?

மேக்கப்மேன்: போயிட்டான். மெதுவாப் பேசுங்கக்கா. உங்க குரல் உங்களுக்குத்தான் கேக்காது, தெருவுக்கே கேக்கும்.

நடிகை: போன்ல என்ன பேசுறான்?

மேக்கப்மேன்: முதுகைக் காட்டிட்டு நிக்கிறான். எனக்கும் கேக்கல.

நடிகை: உனக்குமா? வா, ரெண்டு பேரும் ஒரே டாக்டர்கிட்ட போவோம்.

மேக்கப்மேன்: விளையாடாதீங்க. எதிராளி உதட்டைப் பார்த்துத்தான் அக்கா வசனம் பிடிக்கிறாங்கன்னு வெளிய தெரிஞ்சுது... அப்புறம் நம்ம காலிங்பெல்லை ஒருத்தனும் அடிக்கமாட்டான்.

நடிகை: அடிச்சாலும் எனக்குக் கேக்கவா போகுது?

மேக்கப்மேன்: அக்கா!

நடிகை: காது மெஷினும் வேலைக்கு ஆகலைன்னு ஆகிப்போச்சு. நான் என்ன பண்ண?

மேக்கப்மேன்: அந்த ஹீரோ அலகை மாட்டிட்டு நிப்பான். எதைப் பார்த்துப் பதில் சொல்வீங்க? முழங்கால் வலி, முடியாதுன்னு சொல்லிடுவோம். மானத்தோட முடிஞ்சிடும்.

நடிகை: எனக்கு இந்த வேஷம் வேணும்யா. சாகாத வேஷம். இதை விட்டா இனி சுவத்துல மாட்டுற போட்டோவாத்தான் நடிக்கணும்.

மேக்கப்மேன்: மாட்டிக்கிட்டா?

நடிகை: நான் பேசிக்கிறேன். ...வர்றான் பாரு.

டைரக்டர்: சாரிம்மா. எங்க விட்டோம்?

நடிகை: ஒரு கண்டிஷன், தம்பி. முகமூடி போட்டவனோடு நான் பேசமாட்டேன். அந்த சீன்ல அவன் அதைக் கழட்டணும்.

டைரக்டர்: ...

மேக்கப்மேன்: அவர் ஒண்ணும் சொல்லலக்கா.

நடிகை: அது எனக்கும் தெரியுது.

டைரக்டர்: அந்த முகமூடிதாம்மா வியாபாரமே. பொம்மை, சட்டை, ஸ்கூல் பை... எல்லாத்துலயும் அதுதான். முதல் பாகத்துல ஒரு ஷாட்லகூட அவன் கழட்டல.

மேக்கப்மேன்: கழட்டினா பொம்மை விக்காதாம்.

நடிகை: விக்காட்டி போகட்டும். அவனுக்கு முன்னாடி பறந்தவ நான். என் வீட்டுக்குள்ள மூஞ்சியை மூடிட்டு ஒருத்தன் வந்தா, உக்காருப்பான்னு சொல்வேனா? விளக்குமாத்தை எடுப்பேன்.

மேக்கப்மேன்: நியாயம்தானே? திருடன்தான் மூடிட்டு வருவான்.

டைரக்டர்: எழுதியாச்சும்மா.

மேக்கப்மேன்: என்ன எழுதியாச்சு? வேற ஆளைப் போட்டாச்சா?

டைரக்டர்: நீங்க கதவைத் திறக்கறீங்க. அவன் முகமூடியைக் கழட்டுறான். அப்புறம்தான் முதல் வசனம். புரொடியூசர்கூட இத்தனை நாளா அதுக்குத்தான் மல்லுக்கட்டினேன். இப்பதான் வாசல்ல... சரின்னார்.

நடிகை: நிஜமாவா, தம்பி?

மேக்கப்மேன்: இருங்கக்கா. எங்கயோ இடிக்குது. ஹீரோ மூஞ்சியை மூடித்தான் காசு வருதுங்கறார், அந்த முகமூடியையே கழட்ட வச்சுட்டேங்கறார். நாம கேக்குறதுக்கு முன்னாடியே! ஏன் சார்... உங்களுக்கு என்ன தெரியும்?

டைரக்டர்: அம்மாவோட போன படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேண்ணே. கூட நடிச்சவன் முதுகைக் காட்டித் திரும்பினப்பல்லாம் அம்மா கண்ணு கேமராவுக்குப் பின்னாடி ஓடுச்சு. அங்க நின்னு வாயசைச்சது யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒருத்தர்கிட்டயும் நான் மூச்சு விடல, விடவும் மாட்டேன்... அப்புறம், அந்தத் தாடியை நான் வெயிலுக்காக எடுக்கலண்ணே.